நாணல் தந்த இனிமை

நுழையும்முன்

ஒரு பயிரின் சுவையை அனைவரும் அறிவர். அதன் பின்னுள்ள உழைப்பைச் சிலரே அறிவர். கொங்கு மண்ணில் உருவான கரும்பு வகைகள் இந்தியாவின் வயல்களை மாற்றியதுடன் கடல் கடந்தும் வேரூன்றின. அம்மாற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது, யாரும் பொருட்படுத்தாத ஆற்றோர நாணல். அந்த நாணலின் அருமையை உணர்ந்த அறிவியலாளர்களின் ஆய்வு வாழ்வை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு கரும்புகள்

பொங்கல் திருநாளில் நாம் கடித்துச் சுவைக்கும் செங்கரும்பையும், சர்க்கரை ஆலைக்கு வண்டியேறிச் செல்லும் கரும்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது பருத்தது, மென்மையானது, பல்லால் எளிதில் உரிக்கத்தக்கது. பின்னது சற்று மெலிந்தது, தோல் தடித்தது, கடித்தால் பல் கூசும். இரண்டும் கரும்பே எனினும் இவற்றின் குடிவழி ஒன்றன்று. பொங்கல் கரும்பு, பன்னெடுங்காலமாக மாந்தர் இனிமைக்காகவே பேணிவந்த பருங்கரும்பு இனத்தைச் சார்ந்தது. ஆலைக்கரும்போ தன் உடலில் காட்டு நாணலின் கூறுகளையும் ஏந்தி நிற்பது.

காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாய்பவரை நாணலுக்கு ஒப்பிட்டு இகழ்வது நம் வழக்கம். குளக்கரையிலும் ஆற்றுப்படுகையிலும் தானே முளைத்து, வெண்பூ விரித்து நிற்கும் அப்புல்லை உழவர் களை என்றே கருதினர். அந்தக் களையே கரும்பைக் காக்கும் என்று கண்டறிந்த இடம் கோயம்புத்தூர். அதற்கெனத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

கரும்பும் தமிழரும்

கரும்பு தமிழர்க்குப் புதிய பயிரன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி ஆகும். எனவே கரும்பின் வருகையைச் சொல்லும் பழந்தமிழ்க் குறிப்பு, கொங்கு நாட்டின் அண்டை நிலத்தோடு தொடர்புடையது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இன்றும் பவானி, அமராவதி ஆகிய ஆறுகளின் பாசனப் பகுதிகளில் கரும்பு விளைகிறது. ஆலைக்கொட்டகையில் சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, வெல்லமாகவும் நாட்டுச்சர்க்கரையாகவும் ஆக்கும் தொழில் இங்கு நிலைபெற்றுள்ளது. கவுந்தப்பாடிச் சந்தையின் நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் செல்கிறது.

இத்தகைய நீண்ட மரபு இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா தனக்கு வேண்டிய வெள்ளைச் சர்க்கரைக்குப் பிற நாடுகளையே நம்பியிருந்தது. ஜாவாத் தீவிலிருந்து ஆண்டுதோறும் பல இலட்சம் டன் சர்க்கரை கப்பலில் வந்து இறங்கியது. உலகிலேயே மிகுந்த பரப்பில் கரும்பு பயிரிட்ட நாடுகளுள் ஒன்றான இந்தியா சர்க்கரையை இறக்குமதி செய்யும் நிலை ஏன் ஏற்பட்டது?

விடை வயலில் இருந்தது. அக்காலத்தில் இந்தியக் கரும்பின் பெரும்பரப்பு பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் ஆகிய வடபகுதிகளில் அமைந்திருந்தது. அங்கே கடுங்குளிரும் கோடை வறட்சியும் மழைக்கால நீர்த்தேக்கமும் மாறிமாறி வரும். தென்னிந்தியாவின் பருங்கரும்பு அங்கே தாக்குப்பிடிக்காது. அந்நிலத்தைத் தாங்கி வளர்ந்தவை விரல் பருமனே உள்ள மெலிந்த கரும்புகள். அவை உறுதியானவை, ஆயினும் விளைச்சல் மிகக் குறைவு. இனிமையுள்ள கரும்புக்கு உறுதியில்லை. உறுதியுள்ள கரும்புக்கு விளைச்சலில்லை. இரண்டையும் ஒருங்கே பெறுவது எப்படி என்பதே அன்றைய சிக்கல்.

விதையற்ற பயிரா கரும்பு?

நெல்லையும் சோளத்தையும் விதைத்து வளர்க்கிறோம். கரும்பை அவ்வாறு விதைப்பதில்லை. பருக்கள் உள்ள தண்டைத் துண்டுகளாக நறுக்கி, கரணைகளாக நடுகிறோம். கரணையிலிருந்து முளைக்கும் பயிர் தாய்க்கரும்பின் மறுபடியே ஆகும். தாயின் நற்பண்புகள் மாறாமல் கிடைப்பது இம்முறையின் நன்மை. தாயின் குறைகளும் அவ்வாறே தொடர்வது இதன் தீமை. தாயை அழிக்கும் நோய் வந்தால் ஊர் முழுவதும் உள்ள கரும்பு ஒருசேர அழியும்.

புதிய பண்பு வேண்டுமெனில் இரு வேறு தாவரங்கள் கலந்து விதை உருவாக வேண்டும். கரும்பும் பூக்கும். தண்டின் நுனியில் வெள்ளிநிறத் துடைப்பம் போன்ற பூங்கதிர் எழும். அதில் உருவாகும் விதை பஞ்சுத்தூளுக்கு நடுவே கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. ஆகவே கரும்பு முளைக்கும் விதையைத் தாராது என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். 1880களில் ஜாவாவிலும் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே கரும்பு விதையை முளைக்கச் செய்து காட்டினர். அதன்பிறகே கரும்பில் கலப்பினமாக்கல் என்னும் கதவு திறந்தது.

ஏன் கோயம்புத்தூர்?

சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் சார்லஸ் ஆல்பிரெட் பார்பர். கோதாவரி வடிநிலத்தில் செவ்வழுகல் நோய் கரும்பை அழித்தபோது, சாமல்கோட்டையில் அமைந்த கரும்பு ஆய்வுப் பண்ணையில் அந்நோயை எதிர்கொள்ளும் வகைகளைத் தேடியவர் அவர். செவ்வழுகல் என்பது ஒரு பூஞ்சை நோய். வெளியே நலமாகத் தோன்றும் கரும்பைப் பிளந்தால் உட்புறம் சிவந்து, புளித்த நாற்றம் வீசும். ‘கரும்பின் புற்றுநோய்’ என்றே இதனைக் கூறுவர்.

வட இந்தியாவுக்கு ஏற்ற கரும்பை உருவாக்குவதற்காக 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை பார்பர் ஏற்றார். வடக்கிற்கு வேண்டிய கரும்பைத் தெற்கில் உருவாக்குவது ஏன் என்ற வினா எழலாம். வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் குளிரினால் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், ஏறத்தாழ பதினொன்றாம் வட அகலாங்கில் அமைந்த இடமும், மிதமான வெப்பமும் கரும்பு நன்கு பூத்து முளைப்புத்திறன் உள்ள விதை தருவதற்குத் துணைபுரிந்தன. இங்கே விதையை உண்டாக்கலாம். முளைத்த நாற்றைக் கரும்பாக்கலாம். அதன் கரணையை வடக்கே அனுப்பிச் சோதிக்கலாம். இயற்கை தந்த இவ்வாய்ப்பே கோயம்புத்தூரைக் கரும்பின் பிறப்பிடமாக்கியது.

பார்பர் இந்தியாவின் மெல்லிய கரும்புகளைத் திரட்டி, உருவ அமைப்பைக் கொண்டு அவற்றைக் குழுக்களாகப் பகுத்தார். வட இந்தியக் கரும்பினம் ஒன்று ‘சக்காரம் பார்பரி’ என அவர் பெயரையே பின்னர்த் தாங்கியது.

நாணலைத் தேடிய கண்

1884ஆம் ஆண்டு பிறந்த வெங்கட்ராமன் இந்நிலையத்தின் தொடக்கத்திலேயே பார்பரின் உதவியாளராகச் சேர்ந்தார். பார்பர் தாயகம் திரும்பிய பின்னர் பொறுப்பை ஏற்று, 1942 வரை ஆய்வை வழிநடத்தினார். ஒரே ஊரில், ஒரே பயிரின்மீது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! இதுவே அவருடைய ஆய்வு வாழ்வின் முதற்சிறப்பு.

இனிமைக்குரிய பருங்கரும்பைத் தாவரவியலார் ‘சக்காரம் அஃபிசினாரம்’ என்பர். நாணலோ ‘சக்காரம் ஸ்பான்டேனியம்’. இரண்டும் ஒரே பேரினத்தின் இரு சிற்றினங்கள்; அதாவது, நெருங்கிய உறவினர். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர், நோய் ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. வெட்டிய பின்னும் மீண்டும் தழைக்கும் வலிமை அதற்கு உண்டு. இவ்வலிமையைக் கரும்புக்குள் கொண்டுவர இயலுமா என்பதே கோயம்புத்தூரில் எழுந்த வினா.

‘வெள்ளை’ என்னும் பருங்கரும்பு தாயாகவும், கோயம்புத்தூர்ப் பகுதியில் வளர்ந்த நாணல் தந்தையாகவும் அமைந்தன. இக்கலப்பில் பிறந்த நாற்றுகளுள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்று 1918ஆம் ஆண்டு ‘கோ 205’ என்னும் பெயருடன் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. பயிரிடும் கரும்பையும் காட்டு நாணலையும் திட்டமிட்டுக் கலந்து உழவர் கைக்கு வந்த முதல் கரும்பாக இது போற்றப்படுகிறது. அங்கே வழக்கிலிருந்த நாட்டுக்கரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைச்சலை இது தந்தது. வறட்சியிலும் நீர்த்தேக்கத்திலும் நின்றது.

இதற்கு அடிப்படையாக அமைந்த உயிரியல் நுட்பத்தையும் அறிதல் வேண்டும். பருங்கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்களும் கோயம்புத்தூர் நாணலின் உயிரணுவில் 64 குரோமோசோம்களும் உள்ளன. பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதில் பாதியைப் பிள்ளைக்குத் தருவதே பொதுவிதி. அவ்விதிப்படி 40உம் 32உம் சேர்ந்து 72 ஆதல் வேண்டும். ஆனால் பருங்கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் அமையும் கலப்பில், தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுமையாகத் தந்துவிடுவது வழக்கம். தந்தையின் 32உடன் சேர்ந்து பிள்ளையில் 112 அமைகின்றன. தாயின் இனிமை குறையாமல் தந்தையின் வலிமை சேர்வதற்கு இயற்கையே வழிவிட்டதுபோன்ற அமைப்பு இது.

இருப்பினும் முதற்கலப்பில் பிறந்த கரும்பில் நாணலின் நாரும் மெலிவும் மிகுந்திருக்கும். ஆகவே அதனை மீண்டும் பருங்கரும்போடு கலந்து, தலைமுறைதோறும் இனிமையைக் கூட்டுவர். பருங்கரும்பு, வட இந்திய மெல்லிய கரும்பு, நாணல் ஆகிய மூன்றின் பண்புகளையும் இணைத்த மூவினக் கலப்புகள் பின்னர் உருவாயின. கோ 281, கோ 290, கோ 312 முதலியன அவ்வரிசையில் புகழ்பெற்றவை. தென்னிந்திய நிலத்திற்கென உருவான கோ 419 பல ஆண்டுகள் நம் வயல்களில் ஆட்சி செலுத்தியது.

பொறுமையின் கணக்கு

‘கரும்பு தின்னக் கூலியா?’ என்பது நம் பழமொழி. ஆனால் அக்கரும்பை உருவாக்குவதற்குக் கொடுத்த கூலி, மனித வாழ்நாள் ஆகும்.

கரும்பு இங்கே பூப்பது ஆண்டுக்கு ஒருமுறை. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி. தாய்க்கரும்பும் தந்தைக்கரும்பும் ஒரே நாளில் மலர்ந்தால்தான் கலப்பு நிகழும். ஒன்று முந்தினும் மற்றொன்று பிந்தினும் அடுத்த ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டும். மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, வளமானதா என்று பார்க்க வேண்டும். தன் மகரந்தம் வளமற்ற கரும்பைத் தாயாகக் கொண்டால் தன்மகரந்தச் சேர்க்கைக்கு இடமிராது. வேற்று மகரந்தம் காற்றில் வந்து விழாதவாறு பூங்கதிரைத் துணியால் மறைத்துக் காக்க வேண்டும். விடியற்காலையில் தந்தைக்கதிரின் மகரந்தத்தைத் தாய்க்கதிரின்மீது உதிர்க்க வேண்டும்.

அதன்பின் கிடைக்கும் தூள் போன்ற விதையைச் சட்டியில் தூவி, நாற்றாக்கி, வயலில் நட வேண்டும். ஒரே கதிரில் பிறந்த நாற்றுகளாயினும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஒவ்வொன்றாக அளந்து, சாறு பிழிந்து, சர்க்கரை விழுக்காட்டைக் கணக்கிட்டுத் தேற வேண்டும். தேர்ந்தவற்றைக் கரணை வழியாகப் பெருக்கிப் பல ஊர்களில் பல பருவங்களில் சோதிக்க வேண்டும். ஒரு கலப்பு உழவர் வயலை அடைவதற்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழிவது இயல்பு. பல்லாயிரம் நாற்றுகளுள் ஒன்றே பெயர் பெறும். ஏனையவை குறிப்பேட்டில் எண்களாகவே நின்றுவிடும்.

வெங்கட்ராமனின் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. ஓராண்டு நிற்கும் கரும்பைச் சில மாதங்களில் முதிரச் செய்யலாம் என்னும் நோக்கத்துடன் கரும்பைச் சோளத்தோடு கலந்து பார்த்தார், மூங்கிலோடும் முயன்றார். அவை வயலில் நிலைபெறவில்லை. எனினும் தொலைவுடைய தாவரங்களுக்கிடையேயும் கலப்பினை முயலலாம் என்னும் துணிவை அம்முயற்சிகள் அடுத்த தலைமுறைக்கு அளித்தன.

ஆய்வகத்தோடு நின்றுவிடாத உள்ளம் அவருடையது. 1937ஆம் ஆண்டு ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்பு அன்று. இந்தியச் சிற்றூரின் நேற்றும் இன்றும் நாளையும். ஒரு பயிரை மேம்படுத்துவதன் பயன் அதனை விளைவிக்கும் ஊர் மேம்படுவதிலேயே உள்ளது என்னும் எண்ணத்தை அத்தேர்வு காட்டுகிறது. அவருக்கு 1942இல் ‘சர்’ பட்டமும், விடுதலை பெற்ற இந்தியாவில் 1956இல் பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டன. 1963இல் அவர் மறைந்தார்.

நாடு கடந்த கரும்பு

புதிய கரும்புகள் வட இந்தியாவில் விரைந்து பரவின. 1932ஆம் ஆண்டு இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி விதித்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் சட்டம் வந்தது. முப்பது அளவில் இருந்த சர்க்கரை ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்றைக் கடந்தன. ஜாவாச் சர்க்கரையின் வரவு ஏறக்குறைய நின்றது. சட்டம் மட்டும் இருந்து, ஆலைக்கு வேண்டிய கரும்பு வயலில் இல்லாதிருந்தால் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

கோயம்புத்தூர்க் கரும்பு கடலையும் கடந்தது. கோ 281, கோ 290 ஆகியன அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயிரிடப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் செல்லும் கதை தமிழர் மனத்தைத் தொடுவது. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘துருரோ’ என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். கரும்பு அவர்களுக்கு இனிக்கவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. பிற்காலத்தில் கோயம்புத்தூரில் செய்த ஒரு கலப்பின் விதை நேட்டாலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே முளைத்துத் தேர்ந்த கரும்பிற்கு ‘என்கோ 310’ என்று பெயரிட்டனர். ‘என்’ நேட்டாலையும் ‘கோ’ கோயம்புத்தூரையும் குறிக்கும். அக்கரும்பு மேலும் பல நாடுகளுக்குப் பரவியது. கண்ணீரோடு மாந்தர் சென்ற அதே திசையில், அறிவின் விளைவாக ஒரு விதையும் சென்றது.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூரில் உருவாகும் கரும்பு வகைகள் ‘கோ’ என்னும் முன்னெழுத்தைப் பெறும். தொடக்கத்தில் 205, 213, 419 எனத் தொடர் எண்கள் இடப்பட்டன. பிற்காலத்தில் முதல் இரு எண்கள் ஆண்டைக் குறிக்கும் முறை வந்தது. கோ 86032 என்பதில் 86, 1986ஆம் ஆண்டையும், கோ 0238 என்பதில் 02, 2002ஆம் ஆண்டையும் சுட்டும். தமிழக உழவர்கள் கோ 86032 வகையை எண்ணைக் கொண்டே அழைப்பதைக் கேட்கலாம்.

உயிரணுவுக்குள் நோக்கிய பெண்

வெங்கட்ராமன் வயலில் கண்ட வெற்றிக்குரிய காரணங்களை உயிரணுவுக்குள் தேடியவர் இ. கே. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்த அவர், சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண் கல்வியே அரிதாக இருந்த காலத்தில் திருமணத்தை விடுத்து ஆய்வையே வாழ்வாகத் தேர்ந்தவர் அவர்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் அவர் குரோமோசோம் ஆய்வு நிகழ்த்தினார். பல இடங்களின் நாணல்களைத் திரட்டி அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். ஒரே நாணலாகத் தோன்றும் புல்லில் ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறுவது தெரிந்தது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த கலப்பினத்தைப் பற்றி 1938இல் அவர் வெளியிட்ட குறிப்பு உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து, சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய பெருநூல் 1945இல் வெளிவந்தது. நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பயிரைப் பெருக்குவதில் தொடங்கிய அவருடைய வாழ்வு, காட்டைக் காப்பதில் நிறைவுற்றது குறிப்பிடத்தக்கது. மின்திட்டத்திற்காக அமைதிப் பள்ளத்தாக்கின் காடு அழியவிருந்தபோது, முதுமையிலும் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவர் மறைந்த 1984ஆம் ஆண்டிலேயே அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பயிர் அறிவியலாளர் காட்டுக்காக ஏன் வாதாட வேண்டும்? நாணலைப் பயின்றவருக்கு அவ்வினாவின் விடை தெரியும். நாளைய பயிருக்கு வேண்டிய பண்பு இன்றைய காட்டுச்செடி ஒன்றில் மறைந்திருக்கலாம். அச்செடியை அழித்தபின் அப்பண்பை எந்த ஆய்வகத்தில் தேடுவது?

வெற்றியின் மறுபக்கம்

கோயம்புத்தூர் நிறுவனம் 1969 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்கிவருகிறது. அதன் கர்னால் மண்டல மையத்தில் உருவாகி 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238 வட இந்தியாவில் பெரும்புரட்சி செய்தது. விளைச்சலும் சர்க்கரையும் ஒருங்கே மிகுந்த அக்கரும்பை உழவரும் விரும்பினர், ஆலைகளும் விரும்பின. சில ஆண்டுகளில் உத்தரப்பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை அஃது ஒன்றே நிரப்பியது. அதன்பின் செவ்வழுகல் நோய் அதனைத் தாக்கத் தொடங்கியது. ஒரே வகை எங்கும் நின்றமையால் நோயும் எங்கும் பரவியது. வேறு வகைகளுக்கு மாறுமாறு உழவர்க்கு அறிவுறுத்த நேர்ந்தது.

பார்பர் கோதாவரியில் கண்ட அதே நோய், நூறாண்டுகளுக்குப் பின்னர் கங்கைச் சமவெளியில் மீண்டும் வந்தது. பிழை கரும்பினுடையது அன்று. அதனை உருவாக்கியவருடையதும் அன்று. நல்லது ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்ற அனைத்தையும் கைவிடும் நம் இயல்பே பிழை. ‘கரும்பு ருசி என்று வேரோடு பிடுங்கலாமா?’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

நோய் மட்டுமன்று, நீரும் இன்றைய சிக்கலாகும். கரும்பு ஏறத்தாழ ஓராண்டு வயலில் நின்று மிகுந்த நீரை உண்ணும் பயிர். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டும் கொங்கு மேட்டுநிலத்தில் இதனைக் கருதாமல் கரும்பைப் பேச இயலாது. சொட்டுநீர்ப் பாசனமும், குறைந்த நீரில் விளையும் வகைகளும் இன்றைய தேவைகள். அத்தகைய வகைகளைத் தேடும் ஆய்வாளர் மீண்டும் நாணலிடமே செல்கின்றனர். கண்ணூரிலுள்ள மையம் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய கரும்பு வகைகளைப் பேணிவருகிறது. நாணல் முதலிய காட்டினங்களையும் கோயம்புத்தூர் நிறுவனம் வளர்த்துக் காக்கிறது. அவை விற்பனைக்குரியவை அல்ல. சாறு பிழியவும் உதவா. ஆயினும் அடுத்த நூற்றாண்டின் கரும்புக்கு அவையே வைப்புநிதி.

அழியாமல் காப்போம்

அவிநாசி என்னும் ஊர்ப்பெயருக்கு ‘அழிவற்றது’ என்பது பொருள். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் என்று மரபு சொல்லும் ஊர் அது. நெடுங்காலம் வறண்டு கிடந்த இப்பகுதிக் குளங்களுக்கு, அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தின் வழியே 2024ஆம் ஆண்டு முதல் பவானியாற்றின் உபரிநீர் வரத் தொடங்கியுள்ளது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளை நிரப்புவது அத்திட்டத்தின் நோக்கம். அப்பவானியாறு நீலமலையில் தோன்றி, ஜானகி அம்மாள் காக்க முயன்ற அமைதிப் பள்ளத்தாக்குப் பகுதியைத் தொட்டுத் தமிழகம் திரும்புவது. காட்டைக் காத்ததும் குளத்திற்கு நீர் வருவதும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நீர் வந்த குளக்கரையில் நாணல் தானே தழைக்கும். அதன் வேர் கரையைப் பிணைத்து மண்ணரிப்பைத் தடுக்கும். அடுத்த முறை அவ்வெண்பூவைக் காணும்போது அதனைக் களை என்று கடந்து செல்லாதீர்கள். நாம் அருந்தும் தேநீரின் இனிமையில் அதற்கும் பங்குண்டு. எளியது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை ஊன்றி நோக்கிய கண்களும், பயன் உடனே கிட்டாதபோதும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உள்ளங்களும் சேர்ந்தே அவ்வினிமையை நமக்கு அளித்தன. அக்கண்களும் அவ்வுள்ளமும் பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுள் எவருக்கும் வாய்க்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு பயிரிடப்பட்டு இன்று வழக்கொழிந்த நெல், சோளம், கத்தரி முதலிய பயிர் வகைகளின் பெயர்களை மூத்த உழவர்களிடம் கேட்டுத் தொகுக்க.

2. ‘ஒரே வகைப் பயிரை எங்கும் பயிரிடுதல் நன்றா, தீதா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர்க் குளக்கரையில் தானே வளரும் ஐந்து தாவரங்களைக் கண்டு, அவற்றின் வட்டாரப் பெயரையும் பயனையும் குறிப்பேட்டில் எழுதுக.